காந்தத்த வெச்சு மருந்த தோல் வழியா தள்ள முடியுதான்னு லேப்ல பாக்குறது எப்படி

மொதல்லயே சொல்லிடுறேன், இது லேப் வேலை. தோல்ல ஒட்டியிருக்குற மருந்து பேட்ச் மேல காந்தத்த வெச்சு பாக்கலாமேன்னு யாரும் கெளம்பிடாதீங்க, ஃபென்டனில் மாதிரி கடுமையான வலி மருந்துல டோஸ் ஏறிச்சுன்னா மூச்சே நின்னு போகலாம், பேஸ்மேக்கர் வெச்சிருக்கவங்க பக்கத்துல பெரிய காந்தம் வரவே கூடாது.

தோலோட மேல் அடுக்கு ஸ்ட்ராட்டம் கார்னியம் வெறும் 10-20 மைக்ரான் தான், ஆனா மருந்த மறிக்கிறதே அதுதான், எடை 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையோட அளவு) மேல இருக்குற மூலக்கூறு பொதுவா தாண்டாது. கரண்ட் குடுத்து தள்ளுனா அயன்டோஃபோரசிஸ், காந்தத்தால தள்ளுனா மேக்னட்டோஃபோரசிஸ். 1999லயே பென்சாயிக் ஆசிட் வெச்சு இத பத்தி பேப்பர் வந்துச்சு, அப்புறம் மரத்துப் போக வெக்குற மருந்து லிடோகெயின் வெச்சும் பண்ணாங்க. நீங்களும் லிடோகெயின் ஹைட்ரோகுளோரைடுல ஆரம்பிங்க, சின்ன மூலக்கூறு, ஹெச்பிஎல்சில (கரைசல்ல மருந்து எவ்ளோ இருக்குன்னு பிரிச்சு அளக்குற மெஷின்) அளக்கவும் பெரிய தலைவலி இல்ல.

காந்தம் எந்தப் பக்கம் வரணும்னு நெறைய பேர் கொழம்புவாங்க. நம்ம மருந்துகள்ல பெரும்பாலானது டயாமேக்னட்டிக், அதாவது காந்தத்த விட்டு லேசா விலகிப் போற டைப், அதனால மருந்து இருக்குற பக்கம், மேல காந்தம் வரணும். இரும்பு ஆக்சைடு நானோ துகள்ல மருந்த ஏத்தியிருந்தா தலைகீழ், காந்தம் தோலுக்கு அந்தப் பக்கம் இருந்து இழுக்கணும். காந்தப்புலம் எல்லா எடத்துலயும் ஒரே அளவா இருந்தா தள்ளுற விசையே வராது, எடத்துக்கு எடம் மாறணும். நியோடிமியம் வட்டு காந்தம் போதும், ஆனா தள்ளித் தள்ளி போகப் போக புலம் சட்டுன்னு எறங்கிடும், அதனால மருந்து கரைசல மெல்லிசா வைங்க, டப்பால போட்டிருக்குற நம்பர நம்பாம தோல் இருக்குற எடத்துலயே காஸ் மீட்டர் (காந்தப்புலம் அளக்குற கருவி) வெச்சு அளந்து எழுதிக்கோங்க.

செட்டப் வழக்கமான ஃபிரான்ஸ் செல் தான், அதாவது மேல மருந்து, கீழ பஃபர்னு ரெண்டு அறை, நடுவுல தோல். பன்னிக் காது தோல் எடுத்து, ஓட்டை கீறல் இல்லைன்னு எலக்ட்ரிக்கல் ரெசிஸ்டன்ஸ் பாத்துட்டு, நடுவுல மாட்டி, கீழ பிஹெச் 7.4 பாஸ்பேட் பஃபர் ஊத்துங்க, தோல் மேற்பரப்பு 32 டிகிரில இருக்கணும். தோலுக்கு அடியில ஒரு குமிழி மாட்டினா கூட அந்த ரீடிங் வேஸ்ட், செல்ல சாய்ச்சு தட்டி வெளிய விட்டுடுங்க.

இப்ப தான் மெயின் சிக்கல். ஃபிரான்ஸ் செல்லுக்குள்ள பஃபர கலக்க சுத்துற ஸ்டிர் பாரே ஒரு காந்தம், கீழ அத சுத்த விடுறதும் காந்தம்! மேல நீங்க நியோடிமியம் கொண்டு வந்தா ஸ்டிர் பார் ஒழுங்கா சுத்தாது, தடுமாறும், சில சமயம் எகிறி தோல்லயே போய் இடிக்கும், அப்ப வர்ற வித்தியாசம் காந்தத்தாலயா கலக்குறதாலயான்னு எவனுக்கும் தெரியாது. இதுக்கு நல்ல வழி ஃப்ளோ-த்ரூ செல், பம்ப் பஃபர ஓட்டிட்டே இருக்கும், ஸ்டிர் பாரே வேணாம்.

ஒப்பிட்டுப் பாக்க காந்தம் இல்லாம ஓட்டுற கன்ட்ரோல் செல்ல சும்மா தெறந்து விட்டுடாதீங்க. காந்தம் மூடி மாதிரி ஒக்காந்து ஈரத்த அடைக்கும், ஊறுன தோல் தானாவே மருந்த அதிகம் விடும், கூடவே அதோட வெயிட்டும் அழுத்தும். அதனால அதே சைஸ், அதே வெயிட்ல பித்தளைத் துண்டு ஒன்னு செஞ்சு கன்ட்ரோல் மேல வைங்க. எலக்ட்ரோமேக்னட்னா சூடும் ஒரு சந்தேகம், தோல் மேல சென்சார் வெச்சே ஆகணும். ஒரு தனி மூலக்கூறு மேல விழுற காந்த விசை, அது வெப்பத்தால ஆடுற ஆட்டத்துக்கு முன்னாடி ரொம்ப ரொம்ப சின்னது, அதனால ரிசல்ட் பிரமாதமா வந்தா மொதல்ல இந்த கன்ட்ரோல தான் நான் சந்தேகப்படுவேன்.

மத்தது பழகுன வேலை தான், நேரத்துக்கு நேரம் சாம்பிள் எடுத்து, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மொத்தம் எவ்ளோ போச்சுன்னு கிராஃப் போட்டு, கோடு நேரா போற பகுதியோட சரிவ எடுத்தா அது ஃப்ளக்ஸ், காந்த ஃப்ளக்ஸ பித்தளை ஃப்ளக்ஸால வகுத்துக்கோங்க.

முடிச்சதும் செல்ல கழட்டிடாதீங்க. காந்தத்த எடுத்துட்டு அந்த எடத்துல பித்தளைய வெச்சு இன்னும் சில மணி நேரம் சாம்பிள் எடுங்க. ஃப்ளக்ஸ் கன்ட்ரோல் அளவுக்கு எறங்கிட்டா தள்ளுனது காந்தம் தான்னு நம்பலாம், எறங்கவே இல்லன்னா ரெசிஸ்டன்ஸ திரும்ப பாருங்க, தோல் எங்கயோ கெட்டிருக்கும்.