முகநூலையும் இன்ஸ்டாவையும் விடுவது எப்படி

செயலியை மட்டும் நீக்கினால் கணக்கு அப்படியே கிடக்கும். ரெண்டு நாளில் மறுபடி இறக்கிவிடுவீர்கள். கணக்கையே அழிப்பதுதான் வழி.

அதற்கு முன் படங்களைத் தரவிறக்குங்கள். நம்ம குமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னல் மங்கல் என்பதால், நாகர்கோவில் வரும்போது நல்ல வைஃபையில் முடித்துவிடுவது நல்லது. அடுத்து, முகநூல் வழியாக நுழையும் மற்ற செயலிகளுக்குத் தனிக் கடவுச்சொல் போடுங்கள். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்: கணக்கு போனதும் அவற்றின் கதவும் அடைபடும்.

பிறகு அமைப்புகளில் அக்கவுண்ட்ஸ் சென்டர், பர்சனல் டீட்டெயில்ஸ் வழியாகப் போய் 'டெலீட்' கொடுங்கள். 'டீஆக்டிவேட்' வெறும் தூக்கம்தான், லாகின் செய்தாலே எழுந்துவிடும். அழிக்கச் சொன்ன பிறகும் 30 நாள் அவகாசம் உண்டு. சபலப்பட்டு உள்ளே போனால் ரத்து செய்துவிட முடியும். அதனால் பிரவுசரில் சேமித்த கடவுச்சொல்லையும் நீக்குங்கள்.

வாட்ஸ்அப்பை விடச் சொல்லமாட்டோம். குளச்சல் கடலுக்குப் போகிறவருக்குக் காற்று எச்சரிக்கையும், தோவாளையில் பூ எடுப்பவருக்கு அன்றைய விலையும் அதில்தான் வருகிறது. வேண்டிய குழுக்களை மட்டும் வைத்து, மற்றவற்றை ஆர்கைவ் செய்யுங்கள்.

முதல் வாரம் பெருவிரல் தானாகவே பழைய ஐகான் இருந்த மூலைக்குப் போகும். அங்கே கால்குலேட்டரை வையுங்கள். விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவர்கள் அலாரத்துக்காகப் போனைத் தலைமாட்டில் வைப்பார்கள். சாதா அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கிவிட்டு, போனை அடுக்களையில் சார்ஜ் போடுங்கள்.