பம்புக்குள் கல் உருளும் சத்தமா? சக்ஷன் பக்கம் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில், செம்பனை நாற்றுக்குக் குளத்துத் தண்ணீர் ஏற்றும் பம்ப் கரகரவென்று கத்தினால் உடனே 'பேரிங் போச்சு' என்று கழற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பம்ப் ஓடும்போதே டெலிவரி வால்வை, அதாவது தண்ணீர் வெளியேறும் பக்கத்து வால்வை, பாதிவரை மெல்ல மூடுங்கள். சத்தம் அடங்கினால் அது பெரும்பாலும் கேவிடேஷன்தான். சக்ஷனில், அதாவது பம்ப் தண்ணீரை உறிஞ்சும் பக்கத்தில், அழுத்தம் ரொம்ப இறங்கி, தண்ணீர் சூடில்லாமலே கொதித்துக் குமிழியாகி, இம்பெல்லருக்குள் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) அழுத்தம் ஏறும் இடத்தில் படபடவென்று உடைகிறது. நாளடைவில் இம்பெல்லர் கரையான் அரித்த பலகை மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது, சக்ஷனில் எவ்வளவு அழுத்தம் மிச்சம் என்ற கணக்கு, இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 10.3 மீட்டர் தண்ணீருக்குச் சமம். 30 டிகிரி தண்ணீரின் ஆவியழுத்தத்துக்கு 0.4 கழியுங்கள். நீர்மட்டத்துக்கு மேல் பம்ப் இருக்கும் உயரம் 4, குழாய், ஃபுட் வால்வு (குழாயின் அடி வால்வு), எல்போ (வளைவு) உராய்வு 2 என்று வைத்தால் மிச்சம் 3.9. பம்ப் கர்வில் (தயாரிப்பாளர் தரும் வரைபடம்) உங்கள் ஓட்டத்துக்கு என்பிஎஸ்ஹெச், அதாவது கேவிடேஷன் வராமலிருக்க சக்ஷனில் தேவைப்படும் அழுத்தம், 3.5 கேட்டால், மிஞ்சும் 0.4 எனக்குப் போதாது. தேவைக்கு மேல் 1 மீட்டராவது கையில் இருக்க வேண்டும். குளத்தை வறட்சியில் அளந்துகொள்ளுங்கள், மழைக்காலத்தில் அளந்தால் தாளில் கணக்கு சரியாக இருக்கும், பம்ப் மட்டும் கத்தும்.

சரி, எங்கே மிச்சம் பிடிப்பது? பம்பைக் கீழே இறக்க முடிந்தால் இறக்குங்கள். இல்லையென்றால் குழாய். 2 அங்குலத்தை 3 ஆக்கினால் அதே ஓட்டத்துக்குக் குழாய் உராய்வு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகிவிடும். பம்ப் வாயில் ரெடியூசர் (பெரிய குழாயைச் சிறிய வாயோடு சேர்க்கும் இணைப்பு) போடும்போது ஒருபக்கம் சாய்ந்த வகையை வாங்கி, தட்டைப் பக்கத்தை மேலே வையுங்கள், இல்லாவிட்டால் காற்று அங்கேயே தங்கும். வாயை ஒட்டி எல்போ வேண்டாம். ஓட்டத்தைக் குறைக்க சக்ஷன் வால்வைத் திருகுவது வேண்டவே வேண்டாம், டெலிவரியில் திருகுங்கள்.

புதுப் பம்புக்குப் பணம் தேடுமுன் சக்ஷனில் ஒரு வேக்குவம் கேஜ் மாட்டுங்கள். கிளிசரின் நிரப்பியதுதான் என் விருப்பம். மற்றதில் முள் ஆடிக்கொண்டே இருக்கும். சக்ஷன் குழாய்ச் சல்லடை சுத்தமாக இருக்கும்போது முள் நிற்கும் இடத்தைக் குறித்து வையுங்கள். ஓட்டமும் நீர்மட்டமும் மாறாமல் முள் மட்டும் வேக்குவம் பக்கம் நகர்ந்தால், பாசியோ இலையோ அடைத்திருக்கிறது.

பிறகு சேர்த்தது: ஆலையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் சுடுதண்ணீர்ப் பம்பைப் பற்றிக் கேட்டார். 80 டிகிரியில் ஆவியழுத்தமே சுமார் 5 மீட்டரைத் தின்றுவிடும், அதனால் தொட்டியைப் பம்புக்கு மேலே வையுங்கள், தம்பி. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் கேமரன் மலைக்காரர்கள் 10.3க்குப் பதில் சுமார் 8.6 என்று போட்டுக்கொள்ளுங்கள்.