நிறமி கைமாறுவதை அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருபவர்கள் தோல் செல்களை வளர்க்கச் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். கல்ச்சரில் பூஞ்சை வராமல் பார்த்துக்கொள்வது, ஆன்டிபாடியைச் சரியான அளவில் கலப்பது எல்லாம் கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும். அவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. நாங்கள் தொடங்கிய காலத்தில் தடுக்கிய அதே இடங்களில் இவர்களும் தடுக்குவதைப் பார்த்துத்தான் எழுதத் தோன்றியது.

விஷயம் இதுதான். மேல்தோலின் அடியடுக்கில் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. மெலனின் நிறமியை அவை மெலனோசோம் என்ற சிறு பைகளுக்குள் தயாரிக்கின்றன. முதிர்ந்த பைகள் செல்லின் நீண்ட கிளைகள் வழியாக நுனிக்குப் போய், அங்கிருந்து சுற்றியுள்ள கெரட்டினோசைட்டுகளுக்குள், அதாவது மேல்தோலின் பெரும்பகுதியாக இருக்கும் செல்களுக்குள், சேர்கின்றன. சேர்ந்த மெலனின் கெரட்டினோசைட்டின் உட்கருவுக்கு மேல் குல்லாய் போலக் கூடி, புற ஊதாக் கதிரிலிருந்து டிஎன்ஏவைக் காக்கிறது. தோலில் நாம் பார்க்கும் நிறத்தில் பெரும்பகுதி, தயாரித்த செல்லில் அல்ல, வாங்கிக்கொண்ட செல்லில்தான் இருக்கிறது.

மெலனின் குறைந்ததும் கைமாறுவது நின்றுவிட்டது என்று முடிவு கட்டுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான். ஒரு மூலிகைச் சாற்றையோ புது வேதிப்பொருளையோ எடுத்துக்கொள்வார்கள். மெலனோசைட்டையும் கெரட்டினோசைட்டையும் ஒரே டிஷ்ஷில் சேர்த்து வளர்த்து, அந்தப் பொருளைக் கொடுப்பார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் கெரட்டினோசைட்டில் மெலனின் குறைந்திருக்கும். உடனே, ‘இந்தப் பொருள் மெலனோசோம் கைமாறுவதைத் தடுக்கிறது’ என்று ஸ்லைடில் ஏற்றிவிடுவார்கள்.

தடுக்கிறதா? அந்த டிஷ்ஷை மட்டும் வைத்து அதைச் சொல்லவே முடியாது. அந்தப் பொருள் டைரோசினேஸ் என்சைமை முடக்கியிருக்கலாம். மெலனின் தயாரிப்பின் முதல் படியே அதன் கையில்தான். அது முடங்கினால் மெலனோசைட்டிலேயே மெலனின் இருக்காது. பைகள் வெறுமையாக அடுத்த செல்லுக்குப் போய்க்கொண்டிருந்தாலும் உங்கள் கண்ணில் படாது.

எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வு மாணவி இதை நம்பி ஆய்வேட்டில் ஓர் அத்தியாயத்தையே எழுதி முடித்துவிட்டார். படங்கள் அருமையாக இருந்தன. கொடுத்த அளவு கூடக் கூட, வரைபடத்தில் பட்டைகள் படிப்படியாக இறங்கின. சமர்ப்பிப்பதற்கு முந்தைய கூட்டத்தில் ஒருவர், “மெலனோசைட்டை மட்டும் தனியாக வளர்த்து இதே அளவு கொடுத்துப் பார்த்தீர்களாம்மா?” என்று கேட்டார். பார்த்திருக்கவில்லை. திரும்பிப் போய்ச் செய்தபோது, தனியே வளர்ந்த மெலனோசைட்டும் அதே அளவுக்கு வெளுத்திருந்தது. அத்தியாயத்தின் தலைப்பிலிருந்து முடிவுரை வரை எல்லாம் போயிற்று. மனித மெலனோசைட் மெதுவாக வளரும் செல். சில பாசேஜுக்குப் பிறகு, அதாவது சில தடவை புது டிஷ்ஷுக்கு மாற்றி வளர்த்த பிறகு, தளர்ந்துவிடும். மறுபடி செய்ய வேண்டுமென்றால் மறுபடி தோல் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவருடைய உதவித்தொகையோ முடியும் தறுவாயில் இருந்தது. உழைப்பில் அவர் குறை வைக்கவில்லை. தொடக்கத்திலேயே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பியிருப்பார். என் கோபமெல்லாம் சொல்லாமல் விட்ட மூத்தவர்கள் மேல்தான்.

தயாரிப்பு கெடுவது, கைமாறுவது தடைபடுவது என்ற இந்த இரண்டையும் இயற்கையே நமக்குப் பிரித்துக் காட்டியிருக்கிறது. முதல் வகை அல்பினிசத்தில் டைரோசினேஸ் மரபணுவில் பழுது. மெலனோசைட் இருக்கிறது, தயாரிப்புதான் கெட்டுப்போகிறது. கிரிசெல்லி நோயில் கதை வேறு. அங்கே ராப்27ஏ, மெலனோஃபிலின், மயோசின்5ஏ என்ற மூன்று புரதங்களில் ஏதோ ஒன்று பழுது. மூன்றும் சேர்ந்துதான் மெலனோசோமைக் கிளை நுனியில், செல்லின் உட்சட்டகமான ஆக்டின் இழைகளோடு பிடித்து நிறுத்துகின்றன. அந்தப் பிடி விட்டுப்போனால் பைகள் உட்கருவைச் சுற்றியே குவிகின்றன. முடி வெள்ளிச் சாம்பல் நிறமாகிறது, ஆனால் மெலனோசைட்டுக்குள் மெலனின் நிறையவே இருக்கிறது.

சோதிக்கும் வழியும் இதிலிருந்தே கிடைத்துவிடுகிறது. கைமாறுவது மட்டும் தடைபட்டிருந்தால் மெலனோசைட்டுக்குள் மெலனின் குறையக் கூடாது, தேங்க வேண்டும். அதனால் முதலில் மெலனோசைட்டைத் தனியாக வளர்த்து, அதே அளவு கொடுத்து, மெலனினையும் டைரோசினேஸ் வேகத்தையும் அளந்துவிடுங்கள். அப்புறம் கூட்டு வளர்ப்பில் இரண்டு வகைச் செல்களையும் பிரித்துத் தனித்தனியே அளங்கள். ஒட்டியிருக்கும் செல்களைக் கழற்றும் டிரிப்சின் என்சைமைக் கொடுத்தால் மெலனோசைட் முந்திக்கொண்டு கழன்று வரும் என்பதால் ஓரளவுக்கு அதிலேயே பிரிக்கலாம். ஒட்டுமொத்த டிஷ்ஷையும் கரைத்து ஒரே எண்ணாகத் தராதீர்கள்.

ஒழுங்காகச் செய்ததற்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், இன்று பல முகக் கிரீம் டியூப்களில் பெயரைப் பார்க்கும் நியாசினமைடு பற்றி 2002-இல் வந்த ஆய்வைப் படியுங்கள். வளர்ப்பில் இருந்த மெலனோசைட்டில் மெலனின் தயாரிப்பு மாறவில்லை என்பதையும் காட்டினார்கள். கூட்டு வளர்ப்பில் கைமாறுவது 35 முதல் 68 சதவீதம் வரை குறைந்ததையும் காட்டினார்கள். அந்த முதல் பாதி இல்லையென்றால் இரண்டாம் பாதிக்கு மதிப்பே இல்லை.

மேலே கிடக்கும் கிளையை உள்ளே போன நிறமியாக எண்ணுவது

மெலனோசைட்டின் கிளைகள் மிக மெல்லியவை. கெரட்டினோசைட்டுக்கு மேலேயும் அடியிலும் படர்ந்து கிடக்கும். மேலிருந்து எடுத்த ஒரே படத்தில் அதிலிருக்கும் மெலனோசோமெல்லாம் கெரட்டினோசைட்டுக்குள் இருப்பதாகவே தெரியும். கான்ஃபோக்கல் மைக்ரோஸ்கோப்பில் அடுக்கடுக்காகப் படமெடுத்து, பக்கவாட்டிலும் வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

ஹெச்எம்பி45 ஆன்டிபாடியை மட்டும் நம்பி எண்ணுவதும் இதே ரகம். அது மெலனோசோமுக்குள் இருக்கும் பிஎம்இஎல் என்ற புரதத்தின் இழைகளைப் பிடித்து ஒளிரக் காட்டுகிறது. மெலனின் படியப் படிய இழைகள் மூடிப்போய்விடும், ஒளி மங்கிவிடும். நீங்கள் தேடுவதோ முதிர்ந்த பைகளை. சாதாரண ஒளியில் மெலனினையும் சேர்த்துப் பாருங்கள்.

கெரட்டினோசைட்டின் பழைய மெலனின்

மாநிறத் தோலிலிருந்து எடுத்த கெரட்டினோசைட் மெலனினோடுதான் வந்து சேரும். அதைத் தனியாக வளர்த்த ஒரு டிஷ் பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

செத்த செல்கள்

கெரட்டினோசைட் லேடெக்ஸ் மணியைக்கூட விழுங்கும். மெலனோசைட் செத்துச் சிதறினால் அதையும் விழுங்கும். எத்தனை செல் உயிரோடிருக்கிறது என்று பார்க்காத கணக்கு செல்லாது.

நடுவில் தோல் கொடுத்தவரை மாற்றுவது

கறுப்போ வெளுப்போ, தோலில் மெலனோசைட்டின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். கருந்தோலில் மெலனோசோம்கள் பெரியவை, கெரட்டினோசைட்டுக்குள் தனித்தனியாக இருக்கும். வெளிர்ந்த தோலில் சிறியவை, கொத்துக் கொத்தாக இருக்கும். தனித்தனியாகவா, கொத்தாகவா என்பதில் வாங்கிக்கொள்ளும் செல்லுக்கு முக்கியப் பங்கு உண்டு என்று 2001-இல் வந்த கூட்டு வளர்ப்பு ஆய்வே காட்டிவிட்டது. ஆகவே மெலனோசைட்டைப் பத்திரமாக ஒரே ஆளிடமிருந்து வைத்துக்கொண்டு, கெரட்டினோசைட்டைக் கிடைத்தவரிடமிருந்தெல்லாம் எடுத்துப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

மீன், தவளை

அவற்றின் நிறமி செல்லுக்குள்ளேயே கூடிக் கலைகிறது, பெரும்பாலும் அடுத்த செல்லுக்குப் போவதில்லை. ஒப்பிட வேண்டாம்.

ஒரே வழிதான் என்று அடித்துப் பேசுவது

நான்கு கருத்துகள் களத்தில் இருக்கின்றன. கெரட்டினோசைட் கிளை நுனியைக் கடித்து விழுங்குகிறது என்பது ஒன்று. இரண்டு செல்களின் சவ்வும் இணைந்து குழாய் போன்ற பாதை உண்டாகிறது என்பது இன்னொன்று. மெலனோசோம் நிறைந்த சிறு கொப்புளங்கள் உதிர்ந்து விழுங்கப்படுகின்றன என்பது மூன்றாவது. மெலனோசோம் தன் சவ்வை மெலனோசைட்டிடமே விட்டுவிட்டு, உள்ளிருக்கும் மெலனின் மட்டும் வெளியே கொட்டப்பட்டு, அதைக் கெரட்டினோசைட் எடுத்துக்கொள்கிறது என்பது நான்காவது. ராப்11பி புரதம் பற்றிய வேலைகள் இந்தக் கடைசிக் கருத்துக்கு வலு சேர்த்திருக்கின்றன.

இவற்றில் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் மெலனினைச் சுற்றி எத்தனை சவ்வு என்று எண்ண வேண்டும். முதல் வழியிலும் மூன்றாவதிலும் தொடக்கத்தில் மூன்று சவ்வுகள் இருக்கும். மற்ற இரண்டிலும் ஒன்றுதான். ஒன்று மட்டும் தெரிந்தாலும் வேலை முடியவில்லை: அந்தச் சவ்வு மெலனோசோமுடையதா, கெரட்டினோசைட்டுடையதா என்று புரத அடையாளம் வைத்துப் பார்த்த பிறகுதான் இரண்டாவதையும் நான்காவதையும் பிரிக்க முடியும்.