பொர்கேசே காட்சியகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோமில் உள்ள பொர்கேசே கலைக் காட்சியகத்துக்குப் புதிதாக வருபவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம், அவர்கள் ஒரே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்க்கிறேன். முன்பதிவு வேண்டும், பையை வெளியே வைக்க வேண்டும் என்பன எல்லோரும் அறிந்தவை. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சிற்பத்தை ஓரிடத்தில் நின்று பார்ப்பது

பேரிழப்பு இதுதான், இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவதும் இதுவே. கர்தினால் சிப்பியோனே பொர்கேசேக்காகச் சிற்பி பெர்னினி 1622 முதல் 1625 வரை செதுக்கிய 'அப்பல்லோவும் டாஃப்னேயும்' சிலை, துரத்தும் தேவனிடமிருந்து தப்புவதற்காக மரமாக மாறும் பெண்ணின் கதையை, பார்ப்பவர் நடக்க நடக்கத்தான் சொல்கிறது. அப்பல்லோவின் முதுகுப்புறத்தில் தொடங்கினால் ஓட்டமும் பறக்கும் துணியும் தெரியும். மெல்லச் சுற்றி வரும்போது மரப்பட்டை உடலை மூடுவதும், விரல்கள் இலைகளாவதும் ஒவ்வொன்றாகப் புலப்படும். ஓவியம் பயிலும் மாணவர் ஒருவர் எதிரே நின்று நாலைந்து படங்கள் எடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். வெளியே வந்தபின், டாஃப்னேயின் கால்விரல்களிலிருந்து வேர் இறங்குவதைப் பார்த்தீர்களா என்று கேட்டேன், அவர் பார்க்கவில்லை. அனுமதிக்கப்பட்ட இரண்டு மணி நேரம் முடிந்துவிட்டதால் திரும்பிப் போகவும் வழியில்லை. புரோசெர்பினா என்ற பெண்ணைத் தூக்கிச் செல்லும் பாதாள தேவன் புளூட்டோவின் சிலையும் அப்படித்தான்: தொடையில் அழுந்தும் விரல்களை எல்லோரும் வியக்கிறார்கள், பின்னால் சென்று பாதாளத்தின் காவல் நாயின் மூன்று தலைகளையும் பார்ப்பவர் சிலரே.

கூரையை மறப்பது

நுழைவுக் கூடத்தில் கட்டாயம் அண்ணாந்து பாருங்கள்.

படைப்பு எப்படி வந்தது என்று கேளாமல் நகர்வது

இது ஒரு குடும்பத்தின் ஆசையும் அதிகாரமும் சேர்த்த தொகுப்பு. போப் ஐந்தாம் பவுல் 1607-இல் ஓர் ஓவியரிடமிருந்து பறிமுதல் செய்து தம் சகோதரியின் மகன் சிப்பியோனேக்குக் கொடுத்த ஓவியங்களில்தான் கரவாஜோவின் 'பழக்கூடையுடன் சிறுவன்' இருந்தது. ரஃபாயேல் 1507-இல் வரைந்த, கிறிஸ்துவின் உடலைச் சுமந்து செல்லும் ஓவியம், பெருஜியாவின் தேவாலயம் ஒன்றிலிருந்து 1608-இல் இரவோடு இரவாக எடுத்து வரப்பட்டது. இவை தெரிந்தால் அந்த ஓவியங்களின் முன் நிற்கும் நேரம் தானாகவே கூடும்.

மேல்தளத்தைக் கடைசிக்கு ஒதுக்குவது

ரஃபாயேல், டிசியானோ ஆகிய ஓவியர்களின் படைப்புகள் அங்கேதான் இருக்கின்றன. முதல் மணி நேரம் முடியும்போதே படியேறிவிடுங்கள்.