‘கற்றமரான்’ தமிழ்ச் சொல்தானா? கடற்சொல்லின் வேரைச் சோதிக்கும் முறை

ஆங்கிலக் கடற்சொல் ஒன்று தமிழ்போலக் காதில் விழுந்ததும் ‘இது எங்கட சொல்’ என்று எழுதிவிடுகிறோம். ஒலியைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது கலத்தை.

‘கற்றமரான்’ (catamaran) என்றால் இன்றைய ஆங்கில அகராதியில் இரட்டை உடற்கூடு, அதாவது மிதக்கும் அடிக்கூடு, உள்ள படகு. பருத்தித்துறைக் கரையில் நின்று கேட்டால், கட்டுமரத்துக்கு உடற்கூடே இல்லை என்பார்கள். இலேசான மரக்குற்றிகளைப் பக்கம்பக்கமாக வைத்துக் கட்டியது அது. இடுக்கால் ஏறும் தண்ணீர் அதே இடுக்கால் வடிந்துவிடும். பொருந்தவில்லையே என்று இந்த இடத்தில் விட்டுவிடுகிறவர்கள் பலர். விடவேண்டாம். இன்றைய பொருளை ஒதுக்கிவிட்டு, சொல் ஆங்கிலத்துக்குப் புதிதாக இருந்த காலத்து எழுத்துக்குப் போங்கள்.

வில்லியம் டாம்பியர் என்ற மாலுமி 1697இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையில் இப்படிச் சொல்வார்கள் என்று இந்தப் பெயரைத் தருகிறார். அவர் கண்டது ஒரு மரம், சிலவேளை இரண்டு. ஏறுபவர் ஒருவரே, அவருடைய கால்கள் எப்போதும் தண்ணீருக்குள். இது கட்டுமரமேதான். இரட்டை உடற்கூட்டுப் படகுக்கு இந்தப் பெயர் போனது பிந்திய கதை.

அடுத்தது சொல்லைப் பிரித்துப் பாருங்கள். கட்டு, மரம்: இரண்டு துண்டுக்கும் தமிழில் பொருள் உண்டு, சேர்ந்தால் கலத்தின் வேலைப்பாடே வந்துவிடும். இதைவிடப் பலமான சான்று கிடைப்பது அரிது. ஆங்கிலத்துக்கு இந்த ஒட்டு தெரியாது. அதனால்தான் மூன்று உடற்கூட்டுப் படகுக்கு வால்துண்டை மட்டும் வெட்டி ‘ட்ரைமரான்’ என்று பெயர் வைத்தார்கள். படகுக்காரர் கற்றமரானைச் சுருக்கிச் சொல்லும் ‘கற்’ என்பதும் ஆங்கிலப் பூனை (cat) இல்லை.

இனித்தான் ஒலி. நாக்கை மடித்துச் சொல்லும் டகரம் ஆங்கில வாயில் ‘கற்ற’ என்று தட்டையாகும், நடு உகரம் தேயும், ஈற்று மகரம் னகரமாகும். மாற்றத்தை இப்படி எழுத்தெழுத்தாகக் காட்ட முடியவேண்டும்.

ஒலியை மட்டும் நம்பினால், கடற்படையைக் குறிக்கும் ‘நேவி’ வழுக்கும். நாவாயிலிருந்து வந்தது என்பார்கள். அது பழைய பிரெஞ்சு வழியாக, கப்பலைக் குறிக்கும் லத்தீன் ‘நாவிஸ்’ சொல்லிலிருந்து வந்தது. ‘கொயர்’ இன்னும் நுட்பம். தும்புக்கயிற்றை நினைத்துத் தமிழ் என்று எழுதத் தோன்றும், ஆனால் அகராதிகள் மலையாளக் ‘கயர்’ என்றே காட்டுகின்றன. தமிழ்க் ‘கயிறு’, மலையாளக் ‘கயர்’ இரண்டும் ஒரே வேர்தான். ஆங்கிலத்துக்குக் கொடுத்த கரை எது என்பதே கேள்வி.