மாரிக்கு முன் ஒரு வாளி

ஐப்பசி பிறந்தால் இலங்கையின் வடக்கே வன்னியில் குளம் நிரம்புமா என்றுதான் பார்ப்போம், ஆனால் 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்த நேரம் கிளிநொச்சியில் பல வீடுகளுக்குள் வெள்ளம் வந்தது, அதனால் அவசரப் பொதியை இப்போதே கட்டி வையுங்கள். பை வேண்டாம். இறுக்கமான மூடியுள்ள பெயின்ற் வாளிதான் திறம், உள்ளே எதுவும் நனையாது, அப்புறம் தண்ணீர் அள்ளவும் உதவும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி (நிலப் பத்திரம்) எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் போட்டு, வாயை மெழுகுதிரிச் சுடரில் மெல்லக் காட்டி ஒட்டிவிடுங்கள் (உறுதி தொலைந்தவர்கள் பட்ட பாடு இங்கே எல்லாருக்கும் தெரியும்). மேலே ரோச், பற்றரி, வழக்கமாகக் குடிக்கும் மருந்து, ஜீவனி (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் தூள்), விசில். ஆளுக்கு மூன்று நாளைக்கு 12 லீற்றர் தண்ணீர் தனியாக. சாப்பாட்டுக்கு வறுத்த அரிசிமாவும் சீனியும் இருந்தால் சரி, அடுப்பு மூட்டத் தேவையில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ போனில் பதிந்து வையுங்கள்.