வயிறும் சரியில்லை, சிறுநீர்ப்பையில் கல்லும் இருக்கிறது: பூனைக்கு உணவு மாற்றுவது எப்படி?

முதல் வேலை, என்ன கல் என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது. ஸ்ட்ரூவைட் என்ற வகைக் கல் என்றால் அதற்கான மருத்துவ உணவிலேயே பெரும்பாலும் சில வாரங்களில் கரைந்துவிடும். கால்சியம் ஆக்சலேட் வகைக் கல் எந்த உணவுக்கும் கரையாது, வெளியேதான் எடுக்க வேண்டும். மறுபடி வராமல் இருக்கத்தான் அங்கே உணவு. சிறுநீர் சாம்பிளைச் சூடு ஆறுவதற்குள் பார்க்கச் சொல்லுங்கள், ஃபிரிட்ஜில் கிடந்த சாம்பிளில் படிகங்கள் தாமாகவே உருவாகிவிடலாம்.

அடுத்து, வயிற்றுக்கு ஒன்று, கல்லுக்கு ஒன்று என்று இரண்டு உணவைக் கலக்காதீர்கள். கலந்தால் இரண்டின் கணக்கும் கெட்டுப்போகும். வயிற்றுக்கான மருத்துவ உணவுகளில் சில, கல்லையும் மனதில் வைத்தே தயாரிக்கப்படுகின்றன. உங்கள் பூனைக்கு அது ஒத்துவருமா என்று கேளுங்கள்.

இனிதான் பொறுமை வேண்டும். பாக்கெட்டில் 7 முதல் 10 நாளில் மாற்றலாம் என்று இருக்கும். வயிறு கெட்ட பூனைக்கு அது போதவே போதாது, மூன்று நான்கு வாரம் ஆகட்டும். ஒரு நாளைக்கு 40 கிராம் உலர் உணவு என்றால் 36 கிராம் பழையது, 4 கிராம் புதியது என்று தொடங்கி இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டு, மலம் உருண்டையாக, அள்ளும்போது கழிப்புப் பெட்டி மணலில் ஒட்டாமல் வந்தால் மட்டும் இன்னும் 4 கிராம் கூட்டுங்கள். இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்பி, இறுகும்வரை அங்கேயே நில்லுங்கள். கப், ஸ்பூன் எல்லாம் வேண்டாம், கிராம் காட்டும் டிஜிட்டல் தராசுதான் சரி. இந்த நாட்களில் பால், பிஸ்கட், புது மருந்து எதையும் நீங்களாகச் சேர்த்தால் எதனால் கழிச்சல் என்றே தெரியாமல் போகும். சாப்பிடவில்லை என்றால் 'பசித்தால் தின்னும்' என்று பட்டினி போடாதீர்கள். பூனை, அதிலும் குண்டுப் பூனை, ஓரிரு நாள் சாப்பிடாவிட்டாலே கல்லீரலில் கொழுப்பு சேரத் தொடங்கிவிடும்.

அப்புறம் தண்ணீர். உலர் உணவில் சுமார் 10 சதவீதம்தான் தண்ணீர், டின் உணவில் 75க்கு மேல். அதே மருத்துவ உணவு டின்னில் கிடைத்தால் நான் டின்னைத்தான் சொல்வேன், அதிலும் ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீரைக் குழைத்து வைக்கலாம். தண்ணீர்க் கிண்ணம் அகலமாக, கழிப்புப் பெட்டிக்குத் தள்ளி இருக்கட்டும். சிறுநீர் பட்டால் கட்டியாகும் மணல் போட்டால் ஒரு நாளில் எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது என்று பார்த்தே சிறுநீர் போகிறதா என்று சொல்லிவிடலாம்.

பின்சேர்க்கை: பெட்டியில் உட்கார்ந்து முக்குவதை மலச்சிக்கல் என்று பலர் நினைத்துக்கொள்வதால் இதைச் சேர்க்கிறேன். ஆண் பூனை முக்கியும் மணலில் ஈரமே இல்லை என்றால் சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.